மயோசைட்டிஸ் நோயாளிக்கு ரிப்பீட் இ.எம்.ஜி.: எதற்காக, எந்தத் தசையில், எப்படிப் படிப்பது?

#1 பிஜி_நியூரோ

ரெஃபரல் சீட்டில் இருப்பது இவ்வளவுதான்: "டெர்மடோமயோசைட்டிஸ், ஸ்டீராய்டில் 5 மாதம், டிசீஸ் ஆக்டிவிட்டிக்கு ரிப்பீட் இ.எம்.ஜி." அதாவது தோலையும் தசையையும் தாக்கும் இந்த அழற்சி நோய் இப்போது எவ்வளவு தீவிரம் என்று, தசையில் ஊசி செருகி அதன் மின்சாரத்தைப் பதிவுசெய்து பார்க்கச் சொல்கிறார்கள்.

கேஸ் ஷீட்டில் உள்ளது: பெண், 46 வயது, 58 கிலோ. பிரட்னிசோலோன் 60 மி.கி.யில் தொடங்கி இப்போது 40. கூடவே அசாதயோபிரின் 100, தோலுக்காக ஹைட்ராக்சிகுளோரோகுயின் 200. சிபிகே (தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் என்சைம்) 4,200-இலிருந்து 160-க்கு இறங்கிவிட்டது. முதல் மூன்று மாதம் நல்ல முன்னேற்றம். கடைசி மூன்று வாரமாக மறுபடியும் தரையிலிருந்து எழ ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது, பஸ் படி ஏற முடியவில்லை. தொடை இளைத்திருக்கிறது, முகம் உப்பியிருக்கிறது.

பழைய இ.எம்.ஜி. ரிப்போர்ட்டில் "மயோபதிக் பேட்டர்ன், மயோசைட்டிஸுக்குப் பொருந்தும்" என்று ஒரே வரி. எந்தத் தசை, எந்தப் பக்கம், ஃபிப் (ஃபிப்ரிலேஷன், தசைநாரின் தன்னிச்சைத் துடிப்பு) எவ்வளவு, எதுவும் இல்லை. இதை வைத்துக்கொண்டு முன்னைவிட நன்று, மோசம் என்று எப்படிச் சொல்வது? எங்கெல்லாம் குத்துவது? நாளை மறுநாள் ஸ்லாட்.

#2 ஊசிமுனை

தம்பி, "ஆக்டிவிட்டி பார்க்க" என்று எழுதியிருக்கிறார்களே என்று உடனே மெஷினை ஆன் செய்யாதீர்கள். இங்கே கேள்வி ஒன்றுதான்: இந்தப் புதுப் பலவீனம் நோய் திரும்பியதாலா, ஸ்டீராய்டாலா? நோய் என்றால் மருந்தைக் கூட்ட வேண்டும். ஸ்டீராய்டு என்றால் குறைக்க வேண்டும். தப்பாக முடிவெடுத்தால் நோயாளி இன்னும் படுப்பார். மயோசைட்டிஸில் இரண்டாம் முறை ஊசி எடுக்க இதைவிட நல்ல காரணம் கிடையாது.

அழற்சியில் தசைநாரின் நடுவே ஒரு துண்டு செத்துப்போகிறது. நரம்பு வந்து சேரும் என்ட்பிளேட் ஒரு பக்கத்தில் தங்கிவிடும். மறுபக்கத் துண்டுக்கு நரம்புத் தொடர்பு அறுந்துவிடும். அநாதையான அந்தத் துண்டு தானாகவே துடிக்கும். நாம் திரையில் காணும் ஃபிப்ரிலேஷனும் பாசிட்டிவ் ஷார்ப் வேவும் பெரும்பாலும் அதுதான். நெக்ரோசிஸ் (நார் இப்படிச் சாவது) நடக்கும்வரை புதுப்புதுத் துண்டுகள் சேர்ந்துகொண்டே இருக்கும். நோய் அடங்கியபின், இடைவெளி மறுபடி ஒட்டியோ, பக்கத்து நரம்புக் கிளை வந்து சேர்ந்தோ, துண்டே அழிந்தோ ஓசை ஓயும்.

ஸ்டீராய்டு மயோபதியில் நெக்ரோசிஸ் இல்லை. டைப் 2 நார்கள் (வேகமாகச் சுருங்கும் வகை) இளைக்கின்றன, அவ்வளவே. அதனால் ஃபிப் வராது. இன்னொன்று: லேசாக இறுக்கச் சொல்லும்போது முதலில் வேலைக்கு வருபவை சின்ன மோட்டார் யூனிட்டுகள் (ஒரு நரம்பணுவும் அது இயக்கும் தசைநார்களும்), அதாவது டைப் 1. நாம் அளப்பதும் அவற்றைத்தான். நோய் இருப்பதோ நாம் பார்க்காத டைப் 2-இல். ஆகவே மோட்டார் யூனிட்டுகளும் நார்மலாக அல்லது கொஞ்சமே குட்டையாக இருக்கும். தொடை இளைத்து எழ முடியாத ஆளுக்கு இ.எம்.ஜி. கிட்டத்தட்ட நார்மல் என்று வந்தால், "டெஸ்ட் ஒன்றும் சொல்லவில்லை" என்று நினைக்காதீர்கள். அதுதான் பதில்.

பழைய ரிப்போர்ட் எதற்கும் உதவாது. இப்போது செய்வதை முதல் டெஸ்ட் போலவே தசை வாரியாக எழுதுங்கள்.

#3 வாத_வார்டு

ஊசிமுனை சார், ஒரு ஆட்சேபணை. டெர்மடோமயோசைட்டிஸில் சிபிகே நார்மலாக இருந்துகொண்டே தசையில் நோய் நடப்பதுண்டு. நாள்பட்டுத் தசையே கரைந்துவிட்டால் சிபிகே ஏற வழியில்லை. ஸ்டீராய்டும் தன் பங்குக்கு அதை இறக்கும். எம்.ஆர்.ஐ. எல்லா ஊரிலும் இல்லை. இருக்கும் இடத்திலும் ஸ்டிர் சீக்வென்ஸ் (தசை வீக்கத்தைக் காட்டும் படமுறை) இல்லாமல் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அப்படியிருக்க, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாலு தசையில் ஊசி போட்டு ஃபிப் கிரேடு (0 முதல் 4+ வரை) பார்த்தால் என்ன தப்பு?

#4 ஊசிமுனை

தப்பு என்று சொல்லமாட்டேன் மேடம். வலிக்கு ஈடான பயன் இல்லை என்பேன்.

ஃபிப் மெதுவாக அடங்கும் சரக்கு. ஆள் நடமாடத் தொடங்கிய பிறகும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் மிச்சம் இருக்கும். அதைப் பார்த்து மருந்தை ஏற்றினால் நன்றாகத் தேறிவரும் ஆளுக்கு ஸ்டீராய்டைக் கொட்டுகிறோம். நோயும் தசை முழுக்க ஒரே சீராக இருப்பதில்லை, திட்டுத்திட்டாக இருக்கும். ஊசியை 2 செ.மீ. தள்ளிப் போட்டாலே 3+ என்பது 2+ ஆகிவிடும். அந்த ஒரு படி வித்தியாசத்துக்கு அர்த்தம் கற்பிக்கக் கூடாது. 2+ இருந்த தசை 0 ஆனது, 0 இருந்த தசையில் பல இடங்களில் திரும்ப வந்தது: இந்த அளவு மாற்றம்தான் பேசும்.

மோட்டார் யூனிட் வடிவம் இன்னும் பெரிய பொறி. நோய் உச்சத்தில் குட்டை, சன்னம், பாலிஃபேசிக் (பல மேடுபள்ளம் கொண்ட அலை). தேறும்போது நேராக நார்மலுக்குத் திரும்பாது. மீண்டும் வளரும் நார்கள் பல தடிமனில் இருப்பதால் சிக்னல் ஒன்றாக வந்து சேராது. யூனிட் நீளும், வாலில் குட்டி சாட்டிலைட் (பின்தொடரும் சிற்றலை) ஒட்டிக்கொண்டிருக்கும். அதை மட்டும் பார்த்து "நியூரோஜெனிக்" (நரம்புக் கோளாறு) என்று எழுதிய ரிப்போர்ட்டுகள் நிறைய உலவுகின்றன. ஒரு நோயாளி ஆறு மாதத்தில் மயோபதியிலிருந்து நியூரோபதிக்கு மாறுவதில்லை. அவர் தேறிக்கொண்டிருக்கிறார்.

வரைமுறைகளும் இதையே சொல்கின்றன. 1975-இல் போஹன், பீட்டர் இருவரும் வகுத்த அளவுகோலில் இ.எம்.ஜி.க்குத் தனி இடம் உண்டு. ஆனால் அது கண்டுபிடிப்பதற்கு. 2017 யூலார்/ஏசிஆர் (ஐரோப்பிய, அமெரிக்க வாத மருத்துவ அமைப்புகள்) வகைப்பாட்டின் இறுதிப் பட்டியலில் இ.எம்.ஜி. இல்லை. சிகிச்சைக்கு எவ்வளவு பலன் என்று அளக்கும் 2016 அளவுகோலில் ஆறு அம்சங்கள்: மருத்துவர் கணிப்பு, நோயாளி கணிப்பு, கைமுறைத் தசைவலு, அன்றாட இயக்கக் கேள்வித்தாள், என்சைம், தசைக்கு வெளியே உள்ள நோய். ஊசிக்கு அதில் வேலை இல்லை. இந்த ஆறும் ஒன்றுக்கொன்று முரண்டு பிடிக்கும்போதுதான் நம் முறை வரும். #1-இல் வந்திருப்பது அப்படி ஒரு கேஸ்.

#5 கைபிடி

பிசியோ பக்கத்திலிருந்து. ஊசிக்கு முன்னால் எம்.எம்.டி.-8 (கையால் எதிர்த்துப் பார்க்கும் தசைவலு அளவு) போட்டு எண்ணாக எழுதுங்கள். எட்டுத் தசைத் தொகுதி: கழுத்து முன்வளைப்பு, டெல்டாய்ட், பைசெப்ஸ், மணிக்கட்டு நீட்டல், குளூட்டியஸ் மேக்ஸிமஸ், குளூட்டியஸ் மீடியஸ், குவாட்ரிசெப்ஸ், கணுக்கால் மேல்மடிப்பு. ஒவ்வொன்றுக்கும் 10, ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் மொத்தம் 80. "பவர் 4/5" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் ரிப்பீட்டில் ஒன்றும் பிடிபடாது. 4 என்ற ஒரு கிரேடுக்குள் பாதி உலகம் அடங்கிவிடும்.

மொத்தத்தைவிட எந்த வரி இறங்கியது என்பது முக்கியம். கை ஏறிக்கொண்டே இடுப்பு மட்டும் இறங்கினால் ஸ்டீராய்டு மேல் சந்தேகம். கழுத்தும் தோளும் சேர்ந்து இறங்கினால், விழுங்கவும் சிரமம் என்றால், நோய் மேல் சந்தேகம். இது சாய்வுதான், தீர்ப்பு இல்லை.

குளூட்டியஸ் மேக்ஸிமஸைக் குப்புறப் படுக்கவைத்துப் பாருங்கள். உட்கார்ந்த ஆளிடம் கேட்டுவிட்டு 8 போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

#6 வாத_வார்டு

சரி சார், பாதி ஒப்புக்கொள்கிறேன். முதல் டெஸ்ட்டை ஒழுங்காகச் செய்து வைத்தால் பிறகு முரண்பாடு வரும்போது மட்டும் போதும் என்பது நியாயம். மீதிப் பாதி: எம்.ஆர்.ஐ.யே எட்டாத இடங்களில் உங்கள் ஊசிதான் எங்களுக்குக் கண். அந்தப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க வேண்டாம்.

பிஜி, ஸ்லாட்டுக்கு முன் செய்ய வேண்டியவை. பொட்டாசியமும் டி.எஸ்.எச்.சும் (தைராய்டு சோதனை) பாருங்கள். ஸ்டீராய்டில் இருப்பவருக்குப் பொட்டாசியம் 2.8 என்றால் எழ முடியாததற்கு அதுவே போதும். சிபிகே அனுப்புவதானால் ஊசிக்கு முன் ரத்தம் எடுங்கள். குத்தியபின் எடுத்தால் சிபிகே கொஞ்சம் ஏறியிருக்கும், நாங்கள் வீணாகக் குழம்புவோம். எம்.ஆர்.ஐ. திட்டம் இருந்தாலும் அது முதலில்.

ஹைட்ராக்சிகுளோரோகுயினை மறக்காதீர்கள். அது தரும் மயோபதியில் சிபிகே பெரும்பாலும் நார்மலாகவோ லேசாக ஏறியோ இருக்கும், ஊசியில் ஃபிப்பும் சில சமயம் மயோட்டோனிக் டிஸ்சார்ஜும் (ஏறி இறங்கி இழையும் தன்னிச்சைத் துடிப்பு) கிடைக்கும். மயோசைட்டிஸ் திரும்பிவிட்டது என்று ஏமாற மிகத் தோதான இடம். கொல்ச்சிசின், ஸ்டாட்டின் எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

#7 எர்த்வயர்

ரூம் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நான். ஃபிப் என்பது 20 முதல் 200 மைக்ரோவோல்ட் சமாச்சாரம். பேஸ்லைனே 30 மைக்ரோவோல்ட் தடிமனில் ஓடினால் சின்ன ஃபிப் எல்லாம் அதற்குள் புதைந்துவிடும். ஃபேன் ரெகுலேட்டர், போன் சார்ஜர், சோக் வைத்த டியூப்லைட், மின்கட்டில், இன்ஃப்யூஷன் பம்ப், இந்த வரிசையில் தேடுங்கள். கட்டிலின் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள். கிரவுண்ட் பட்டை குத்துகிற அதே கை அல்லது காலில், ஈரமாக.

இதெல்லாம் செய்யச் சோம்பல்பட்டு லோ ஃபில்டரை 10 ஹெர்ட்ஸிலிருந்து 500-க்கு ஏற்றிவிடுவது ஒரு பழக்கம். திரை கண்ணாடி போலத் தெளியும். கூடவே மோட்டார் யூனிட்டின் மெதுவான தொடக்கமும் வாலும் வெட்டுப்படும். நீளம் குறையும், உயரம் குறையும். நல்ல தசைக்கே மயோபதி வந்துவிடும். வேண்டியது 10 ஹெர்ட்ஸ் முதல் 10 கிலோஹெர்ட்ஸ், நாட்ச் (மின்கம்பி இரைச்சலை வடிக்கும் ஃபில்டர்) ஆஃப். தானாகத் துடிப்பதைத் தேடும்போது டிவிஷனுக்கு 50 மைக்ரோவோல்ட், யூனிட் பார்க்கும்போது 200, ஸ்வீப் டிவிஷனுக்கு 10 மில்லிசெகண்ட்.

ஊசியும் மாறக் கூடாது. வழக்கமான 37 மி.மீ. கான்சென்ட்ரிக் ஊசியின் (பதிவுக் கம்பியும் ஒப்பீட்டு உறையும் ஒரே ஊசியில்) பதிவுப் பரப்பு 0.07 சதுர மி.மீ. முகத்துக்கான சின்ன ஊசியில் 0.03; அதில் உயரம் கூடித் தெரியும். மோனோபோலார் ஊசியில் (முனை மட்டும் பதிவுசெய்வது) உயரம், நீளம் இரண்டுமே கூடும். முதல் முறை ஒன்று, இரண்டாம் முறை வேறொன்று என்றால் ஒப்பிடவே வேண்டாம். ஸ்டீராய்டில் இடுப்பில் கொழுப்பு தடித்தவருக்கு குளூட்டியஸுக்கும் முதுகுக்கும் 50 மி.மீ. ஊசி எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் கொழுப்பிலேயே நின்றுகொண்டு "சைலன்ட்" என்று எழுதுவீர்கள்.

ஏசி ரூமில் கால் ஜில்லிட்டிருந்தால் யூனிட் நீளும், பாலிஃபேசிக் கூடும், அதாவது மயோபதி மறையும். தோல் 32 டிகிரிக்குக் கீழே இருந்தால் வெந்நீர்ப் பை வைத்துச் சூடாக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

#8 பிஜி_நியூரோ

மிக்க நன்றி, எல்லோருக்கும். தசைத் தேர்வு? பக்கம்?

#9 ஊசிமுனை

ஒரே பக்கம். வலது என்று வையுங்கள். இடது பக்கத்தைத் தொடாதீர்கள், நாளை பயாப்சி தேவைப்பட்டால் அதுதான் சுத்தமான பக்கம். குத்திய இடத்தில் எடுத்தால் ஊசி செய்த காயத்தையே பேத்தாலஜியில் அழற்சி என்று படிப்பார்கள்.

டெல்டாய்ட், பைசெப்ஸ், இலியோசோவாஸ், வாஸ்டஸ் லேட்டராலிஸ், குளூட்டியஸ் மீடியஸ், டிபியாலிஸ் ஆன்டீரியர், தொராசிக் பாராஸ்பைனல் (நடு முதுகெலும்பை ஒட்டிய தசை). ஏழு. நோயாளி தாங்கவில்லை என்றால் டிபியாலிஸை விடுங்கள், பாராஸ்பைனலை விடாதீர்கள். மயோசைட்டிஸில் ஃபிப் எளிதாகக் கிடைக்கும் இடம் அது; சிலருக்கு அங்கே மட்டும்தான் கிடைக்கும். கழுத்தும் இடுப்பும் தேய்மானத்தால் தாமாகவே ஃபிப் காட்டக்கூடும், முதுகு ஆபரேஷன் ஆனவருக்கு வருஷக்கணக்கில் இருக்கும். அதனால் நடு முதுகு, டி6 முதல் டி8 வரை. ஸ்பைனஸ் புராசஸிலிருந்து சுமார் 2 செ.மீ. தள்ளி, சற்றே உள்நோக்கி. வெளிப்பக்கமாகச் சாய்த்து ஆழம் போனால் நுரையீரல் உறை இருக்கிறது. இந்த நோயில் பலருக்கு நுரையீரல் ஏற்கெனவே பழுது, நியுமோதொராக்ஸைத் தாங்கமாட்டார்கள்.

குப்புறப் படுக்க மூச்சு முட்டினால் ஒருக்களித்து, முழங்காலை மார்புப் பக்கம் மடக்கிப் படுக்கவையுங்கள். முதுகுத் தசை தளர அதுவே நல்ல நிலையும்கூட. முதுகு தளராமல் ஃபிப் தேடுவது சந்தையில் ஊசி விழும் ஓசையைத் தேடுவது மாதிரி.

இலியோசோவாஸ்: தொடை தமனித் துடிப்பிலிருந்து இரண்டு விரல் வெளியே, இங்குவினல் லிகமென்ட்டுக்கு ஒரு விரல் கீழே. வார்ஃபரின் எடுப்பவருக்கு இந்தத் தசையைத் தவிர்த்துவிடுங்கள், ரத்தம் கட்டினால் வெளியே தெரியாது.

ஒவ்வொரு தசையிலும் நாலு திசை. ஒரு திசைக்கு ஐந்தாறு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மி.மீ.க்கு மேல் நகர்த்தாமல். நகர்த்தியதும் இரண்டு மூன்று செகண்ட் காத்திருங்கள். செகண்டுக்கு ஒன்று என்று துடிக்கிற ஃபிப்பை, ஊசியைக் குத்திக் குடைந்துகொண்டே இருப்பவர் கேட்கவே மாட்டார்.

பிறகு லேசாக இறுக்கச் சொல்லி யூனிட்டுகள். குறைந்தது டெல்டாய்டிலும் பைசெப்ஸிலும் 20 வெவ்வேறு யூனிட் எடுத்துச் சராசரி நீளம் போடுங்கள். பாலிஃபேசிக்கைத் தனியாக எண்ணுங்கள்; சராசரியில் கலந்தால் நீளம் கூடி, மயோபதி ஒளிந்துகொள்ளும். வயதுக்கும் தசைக்கும் உரிய அளவைவிட 20% குறைந்தால் கணக்கில் எடுக்கலாம். மெஷின் தானாகக் குறி வைத்த இடங்களை நம்பாமல் கண்ணால் ஒருமுறை சரிபாருங்கள். கடைசியில் ரெக்ரூட்மென்ட் (பலம் கூட்டும்போது யூனிட்டுகள் சேரும் விதம்): பலம் சுண்டுவிரல் அளவு, திரை நிறைய யூனிட் என்றால் அது எர்லி ரெக்ரூட்மென்ட். இதற்கு உங்கள் கை நோயாளியின் கையை எதிர்த்துப் பிடித்திருக்க வேண்டும். திரையை மட்டும் பார்த்தால் தெரியாது.

#10 பிஜி_நியூரோ

என்ட்பிளேட் ஸ்பைக்கையும் ஃபிப்பையும் ஒவ்வொரு முறையும் குழப்பிக்கொள்கிறேன்.

#11 ஊசிமுனை

கண்ணை மூடிக் கேளுங்கள். ஃபிப் கடிகாரம் போலச் சீராக வரும், மழை தொடங்கும்போது தகரக் கூரையில் விழும் துளிகள். என்ட்பிளேட் ஸ்பைக் தாறுமாறு, கொதிக்கும் எண்ணெயில் கடுகு வெடிப்பது. பின்னணியில் சங்கைக் காதில் வைத்த இரைச்சல் கேட்டால் நீங்கள் என்ட்பிளேட்டின் மேலேயே நிற்கிறீர்கள், நோயாளி முகத்தைச் சுளிப்பார், ஊசியை நகர்த்துங்கள். திரையில் பார்த்தால் ஃபிப்பின் முதல் அசைவு கீழ்நோக்கி, அதாவது பாசிட்டிவ். என்ட்பிளேட் ஸ்பைக் மேல்நோக்கித் தொடங்கும்.

சி.ஆர்.டி. (காம்ப்ளெக்ஸ் ரிப்பீட்டிவ் டிஸ்சார்ஜ்) என்றால் டீசல் மோட்டார்: சட்டென்று தொடங்கும், ஒரே சுருதியில் ஓடும், சட்டென்று நிற்கும். ஏறி இறங்கி இழைந்தால் அது மயோட்டோனிக். பழைய நோயின் தழும்பாக சி.ஆர்.டி. பல வருஷம் நிற்கும், அதை வைத்து "ஆக்டிவ்" என்று எழுதாதீர்கள். மயோட்டோனிக் ஓசை கேட்டால் மருந்துப் பட்டியலையும் ஹெச்.எம்.ஜி.சி.ஆர். ஆன்டிபாடியையும் (ஒருவகைத் தசை நெக்ரோசிஸ் நோயில் காணப்படுவது) பாருங்கள், பாம்ப்பே நோயையும் (கிளைக்கோஜன் சேரும் பரம்பரைத் தசைநோய்) மனதில் வையுங்கள்.

கிரேடு: குறைந்தது இரண்டு இடத்தில் இரண்டு மூன்று செகண்டாவது நிலைத்து ஓடினால் 1+. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் மிதமாக என்றால் 2+. எல்லா இடத்திலும் நிறைய, 3+. பேஸ்லைனே தெரியாமல் திரை நிரம்பினால் 4+. ஒரே இடத்தில் ஒருமுறை கேட்டது கிரேடு ஆகாது.

#12 கைபிடி

ஊசி இல்லாமல் தோலின் மேல் ஒட்டுகிற சர்ஃபேஸ் இ.எம்.ஜி., இம்பீடன்ஸ் மயோகிராபி இதெல்லாம் தொடர் கண்காணிப்புக்கு ஆகுமா? குடும்பத்தினர் இணையத்தில் படித்துவிட்டு வந்து கேட்கிறார்கள். இன்னொரு பக்கம், ஜிம்மில் ஷாக் கொடுக்கும் இ.எம்.எஸ். பெல்ட்டைக் காட்டி "இதுதானே அது" என்கிறவர்களும் உண்டு.

#13 ஊசிமுனை

பெல்ட் தசைக்கு மின்சாரம் கொடுக்கிறது, நாம் தசையின் மின்சாரத்தைக் கேட்கிறோம். அவ்வளவு தூரம்.

சர்ஃபேஸில் ஃபிப் தெரியாது. தோலும் கொழுப்பும் விழுங்கிவிடும். தசைநாரில் சிக்னல் ஓடும் வேகத்தை அளக்கலாம், நார் இளைத்தால் வேகம் குறையும். ஆனால் ஸ்டீராய்டாலும் நார் இளைக்கும், ஆகவே நம் கேள்விக்கு உதவாது. இம்பீடன்ஸ் மயோகிராபியில் 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் மெல்லிய மின்னோட்டம் செலுத்தி ஃபேஸ் பார்க்கிறார்கள். வலி இல்லை, எண்ணும் சீராக வரும், ஏ.எல்.எஸ்.ஸிலும் டூஷேனிலும் நிறைய வேலை நடந்திருக்கிறது. ஆனால் வீக்கம், கொழுப்பு, இளைப்பு எல்லாம் ஒரே எண்ணுக்குள் போய்ச் சேரும். அதைவிட ஊசி இல்லாத வழி வேண்டுமென்றால் தசை அல்ட்ராசவுண்ட் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது, எக்கோ வெளுப்பை ஹெக்மாட் முறையில் 1 முதல் 4 வரை எழுதலாம்.

#14 பிஜி_நியூரோ

டெஸ்ட் முடிந்தது. வலது பக்கம், 37 மி.மீ. கான்சென்ட்ரிக், குளூட்டியஸுக்கும் முதுகுக்கும் 50. தோல் 33 டிகிரி. பொட்டாசியம் 4.1, டி.எஸ்.எச். நார்மல், ஊசிக்கு முன் சிபிகே 148.

டெல்டாய்ட்: ஃபிப் 0. 20 யூனிட் சராசரி நீளம் வயதுக்குரிய அளவைவிட 8% குறைவு. பாலிஃபேசிக் 3.
பைசெப்ஸ்: ஃபிப் 0. நீளம் நார்மல். பாலிஃபேசிக் 2, ஒன்றில் சாட்டிலைட்.
இலியோசோவாஸ்: ஃபிப் 0. யூனிட் சற்றுக் குட்டை. ரெக்ரூட்மென்ட் கொஞ்சம் சீக்கிரம்.
வாஸ்டஸ் லேட்டராலிஸ்: ஃபிப் 0. ஒரே இடத்தில் ஒரு சி.ஆர்.டி.
குளூட்டியஸ் மீடியஸ்: ஃபிப் 0. யூனிட் நார்மல்.
டிபியாலிஸ்: நார்மல்.
பாராஸ்பைனல் டி7: நாலில் ஒரு திசையில் மட்டும் ஃபிப், 2 செகண்ட் ஓடி நின்றது. அதே இடத்தில் மறுபடி கிடைக்கவில்லை.

மயோட்டோனிக் எங்கும் இல்லை. நரம்புக் கடத்தல் நார்மல். டிரபீசியஸில் 3 ஹெர்ட்ஸ் ரிப்பீட்டிவ் ஸ்டிமுலேஷனில் டெக்ரிமென்ட் (நரம்பு-தசை இணைப்புக் கோளாறில் வரும் சரிவு) இல்லை.

எம்.எம்.டி.-8 பிசியோ பதிவு, இரண்டு மாதத்துக்கு முன், இன்று: கழுத்து 8, 8. டெல்டாய்ட் 8, 9. பைசெப்ஸ் 9, 10. மணிக்கட்டு 10, 10. குளூட்டியஸ் மேக்ஸிமஸ் 8, 5. மீடியஸ் 8, 6. குவாட்ரிசெப்ஸ் 9, 7. கணுக்கால் 10, 10. மொத்தம் 70-இலிருந்து 65.

அந்த ஒரு பாராஸ்பைனல் ஃபிப்பை என்ன செய்வது?

#15 ஊசிமுனை

எழுதுங்கள், எடை போடாதீர்கள். 1+ ஆகவே அது தேறவில்லை. முக்கியமானது இது: 9-இலிருந்து 7-க்கு, 8-இலிருந்து 6-க்கு இறங்கிய தசைகளில் ஃபிப் பூஜ்யம். நெக்ரோசிஸால் மூன்று வாரத்தில் இவ்வளவு பலம் போயிருந்தால் அந்தத் தசை ஊசியின் கீழ் சும்மா இருக்காது. சி.ஆர்.டி. பழைய தழும்பு. பைசெப்ஸ் சாட்டிலைட் தேறியதன் அடையாளம். கை ஏறி, கழுத்து அசையாமல், இடுப்பு மட்டும் இறங்கியிருப்பது கைபிடி சொன்ன முதல் சாய்வு. மயோட்டோனிக்கும் ஃபிப்பும் இல்லாததால் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மேல் சந்தேகம் குறைகிறது.

முடிவுரை இப்படி எழுதலாம்: "பலவீனமான இடுப்புத் தசைகளில் தானியங்கு மின்செயல்பாடு இல்லை. மோட்டார் யூனிட் மாற்றம் மிகக் குறைவு. தற்போதைய பலவீனத்துக்குச் செயல்படும் நெக்ரோசிஸ் காரணம் என்பதற்கு இந்தப் பரிசோதனையில் ஆதரவு இல்லை. ஸ்டீராய்டு மயோபதியோடு ஒத்துப்போகிறது. சிகிச்சையில் இருப்பவருக்கு ஃபிப் இல்லாதது அழற்சியை முழுமையாக மறுக்காது." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். டெர்மடோமயோசைட்டிஸில் நாரை விட்டுவிட்டு உறையில் மட்டும் அழற்சி இருந்தால் ஊசிக்குத் தெரியாது. "மயோபதிக் பேட்டர்ன்" என்ற இரண்டு சொல்லை மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள்.

#16 வாத_வார்டு

இது எனக்குப் போதும். இப்படி ஒரு ரிப்போர்ட் வந்தால் பிரட்னிசோலோனை வாரத்துக்கு 5 மி.கி. வீதம் 20 வரை இறக்குவேன், ரத்த அணுக்களும் லிவரும் ஒத்துழைத்தால் அசாதயோபிரினை 125 ஆக்குவேன். நாலு வாரத்தில் எம்.எம்.டி.-8, சிபிகே. ஸ்டீராய்டு காரணம் என்றால் இடுப்பு வரிகள் மூன்று நாலு வாரத்திலேயே அசையத் தொடங்க வேண்டும். கழுத்தோ கையோ இறங்கினால் தொடைக்கு ஸ்டிர் எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் இடது குவாட்ரிசெப்ஸ் பயாப்சி.

இந்த இழையைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று. இந்தக் கேஸில் தோல் மாற்றம் இருந்தது, அதனால் நோயின் பெயரில் சந்தேகம் இல்லை. தோலில் ஒன்றும் இல்லாமல் "பாலிமயோசைட்டிஸ்" என்ற லேபிளோடு ஸ்டீராய்டுக்கு மசியாத ஆள் வந்தால் ஃபிப் 3+ இருந்தாலும் மருந்தை ஏற்ற அவசரப்படாதீர்கள். இளைஞர், சிபிகே பல ஆயிரம், கெண்டைக்கால் இளைப்பு என்றால் டிஸ்ஃபெர்லின் குறைபாட்டை (ஒரு பரம்பரைத் தசைநோய்) தேடுங்கள். பயாப்சியிலும் அழற்சி அணுக்கள் தெரிந்து ஏமாற்றும். 50-ஐத் தாண்டியவர், விரல் மடக்க முடியவில்லை, தொடை முன்தசை இளைப்பு என்றால் இன்க்ளூஷன் பாடி மயோசைட்டிஸ். அதில் குட்டை யூனிட்டும் நீள யூனிட்டும் ஒரே தசையில் கலந்து வரும், விரல் மடக்கும் ஆழ்தசையில் ஒரு ஊசி போட்டால் தெரிந்துவிடும்.

#17 கைபிடி

குறைக்கிற காலத்தில் பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள். நாற்காலியில் கைபிடிக்காமல் எழுவது, 8 முறை, மூன்று சுற்று, ஒன்றுவிட்டு ஒருநாள். உயரமான நாற்காலியில் தொடங்கி வாரவாரம் உயரத்தைக் குறைக்கலாம். மறுநாள் தாண்டியும் தசை நோவு தொடர்ந்தால் ஒரு சுற்றைக் குறையுங்கள்.

#18 பிஜி_நியூரோ

ரிப்போர்ட் அனுப்பிவிட்டேன். அடுத்த முறை ஊசி தேவைப்பட்டால் மறுபடி வலது பக்கம்தானே?

#19 ஊசிமுனை

வலதுதான். அதே ஏழு தசை, அதே வரிசை.

#20 எர்த்வயர்

ரிப்போர்ட்டின் அடியில் ஊசி அளவு, ஃபில்டர், தோல் வெப்பம் மூன்றையும் ஒரு வரியில் போட்டுவிடுங்கள். மெஷினில் மூல அலைகளையும் சேமித்து வையுங்கள், பிடிஎஃப் மட்டும் போதாது. அடுத்த முறை இதைத் திறப்பவர் வேறொருவராக இருக்கலாம்.